இடது கையில் ஒட்டிய பெயர்கள்

ஆறுமுகநயினார், ஆண், வயது ஐம்பத்தொன்று, அளவு இயல்பு. எங்கள் லேபில் பதிவும் பார்த்து ரத்தமும் எடுக்கிற சகாயராணி அச்செடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போன இரண்டு தாள்களில் அடியில் இருந்தது இது. ஆறுமுகநயினார் என் அப்பா. அவர் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் பெயரில் சென்னைக்குப் போன ரத்தம் என்னுடையது. மூன்று வாரமாக இந்தத் தாளை நினைத்துத்தான் தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது, இயல்பு என்று போட்டிருக்கிறது, முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்கூட இல்லை, பசி. காலையில் தின்ற இட்லி எங்கே போனதென்று தெரியாத பசி. மேல் தாளில் ஆவுடையம்மாள், பெண், வயது அறுபத்தொன்று, அளவு அதிகம். எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. மிளகாய்ப்பொடி அரைக்கிற அந்த மில்லுக்காரம்மா. அந்த அம்புக்குறியைப் பார்த்தபோதும் எனக்குப் பசித்துக்கொண்டுதான் இருந்தது, பாவம் என்று ஒரு வார்த்தை உள்ளே வந்து போயிற்று, டீ சொல்லலாமா என்று அடுத்த வார்த்தை வந்தது. மூளையில் படிகிற ஒரு புரதத்தின் துணுக்கு ரத்தத்தில் எவ்வளவு மிதக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை அது. மறதி நோய் உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க முன்பெல்லாம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். இப்போது ஊதா மூடி போட்ட ஒரு குழாய் ரத்தம் போதும். ஒரு குழாய். டீ சொல்லலாம் என்று எழுந்தேன், அப்போதுதான் இடது கையின் மேல்புறம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அரித்தது.

சொறிய முடியவில்லை. கிளவுஸ் போட்டிருந்தேன். அதன் மேல் பெயர் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அடுத்து நாற்காலியில் உட்கார இருக்கிற ஆளுடையது. இருபத்தாறு வருஷமாக இதுதான் பழக்கம். ரத்தம் எடுத்து, குழாயை ஆட்டி, அந்த ஆளின் கண் முன்னாலேயே ஸ்டிக்கரை எடுத்து ஒட்ட வேண்டும் என்பது சட்டம். சுவரில் சட்டமாகவே போட்டு மாட்டியிருக்கிறது, அதன் கீழேதான் நாற்காலி. ஆனால் ஊசியும் பஞ்சும் பிடித்த கையோடு மேஜைக்கு எட்டி ஸ்டிக்கர் எடுக்க முடியாது, அதனால் முன்கூட்டியே இடது கிளவுஸின் மேல் ஒட்டிக்கொள்வோம். நான் மட்டும் இல்லை, இந்த வேலையில் இருக்கிற எல்லாரும். கையிலிருந்து உரித்துக் குழாயில் ஒட்ட ஒரு நொடி. ஒரு ஆள், ஒரு ஸ்டிக்கர் என்று இருக்கிறவரை அதில் ஒரு தப்பும் வராது. ஆட்டோக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "பேரு சொல்லுங்க" என்றேன். "அதான் கையில ஒட்டியிருக்கீகளே அண்ணாச்சி, எம்பேரு" என்றார். "நீங்க சொல்லணும்." "இசக்கிப்பாண்டி." "அப்பா பேரு?" "சர்க்கரை இருக்கான்னு பாக்கதுக்கு அப்பன் எதுக்கு" என்று சிரித்துவிட்டுச் சொன்னார். நரம்பு தானாக விரலுக்கு வந்தது. விரலுக்கு மறதி இல்லை. ரத்தம் குழாயில் ஏறும்போது நான் என் கிளவுஸின் மேல் இருந்த அந்த ஒரு ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு இருந்தன. "பாதி ரத்தத்தை உறிஞ்சியாச்சு, ஒரு டீயாவது வாங்கித் தரப்பிடாதா" என்றார் இசக்கிப்பாண்டி. அன்றைக்கு இரண்டு இருந்தன, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக.

மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. இந்தப் பரிசோதனைக்கு மாதத்தில் ஒருவரோ இருவரோதான் வருவார்கள். மேல்மாடியில் நரம்பு டாக்டர் மீரான் எழுதிக் கொடுத்தால் உண்டு. தனியாக என் குழாய் மட்டும் பெட்டியில் போனால் சகாயராணி கேட்பாள், யாருக்கு அண்ணே இது, எந்த டாக்டர் எழுதினது என்று. அதனால் காத்திருந்தேன், இன்னொருவர் வரட்டும் என்று, இன்னொருவருக்கு மறதி வரட்டும் என்று, ஆமாம், அப்படித்தான் காத்திருந்தேன். ஆவுடையம்மாள் மகனோடு வந்தாள். சகாயராணி சாப்பிடப் போயிருந்தாள். நானே பதிந்தேன். அவள் பெயரை அடித்ததும் அடுத்த வரியில் அப்பா பெயரை அடித்தேன். வேறு பெயர் எதுவும் விரலுக்கு வரவில்லை. டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சுயமாக என்று போட்டேன். இரண்டு ஸ்டிக்கரும் ஒன்றாக வந்தன. கையில் ஒட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் அறையெல்லாம் மிளகாய் நெடி, புடவையில், தலைமுடியில், நகக்கண்ணில் மஞ்சள். ரத்தம் எடுத்தேன். குழாய் நிறைந்தது. ஊசியை உருவினேன். தும்மல் வந்தது. ஒன்று இல்லை, நாலைந்து. தோளில் மூக்கை வைத்துத் தும்மினேன். அவள் சிரித்து, "மில்லுல வந்து நின்னீங்கன்னா பழகிரும் தம்பி" என்றாள். வாசலில் நின்ற மகன், எப்போது முடிவு வரும், தேதி சொன்னால் லீவு போட வேண்டும் என்றான். மூன்று வாரம் என்றேன். குழாயை ஸ்டாண்டில் வைத்தேன். ஸ்டிக்கரை எப்போது ஒட்டினேன். தும்மலுக்கு முன்னாலா. மகனுக்குப் பதில் சொல்லிக்கொண்டேவா. அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். இடது கிளவுஸைக் கழற்றி மேஜையில் போட்டேன், என் இடது கையில்தானே குத்த வேண்டும், ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டினேன். ஊதா மூடி. நிறைந்தது. இப்போது மேஜையில் இரண்டு குழாய், ஒரு கிளவுஸ். அந்தக் கிளவுஸின் மேல் இருந்தது ஒரு ஸ்டிக்கரா, இரண்டா. ஒன்றுதான் என்றால் அவளுடையது ஏற்கெனவே அவள் குழாயில் ஏறியிருக்கிறது, எல்லாம் சரி. இரண்டு என்றால் பெயரில்லாத இரண்டு குழாய்களில் நான் ஏதோ ஒரு வரிசைப்படி ஒட்டியிருக்கிறேன். இரண்டும் சூடாக இருந்திருக்கும். ரத்தத்துக்கு முகம் கிடையாது.

சரியாகத்தான் ஒட்டியிருப்பேன். ஸ்டாண்டில் இடமிருந்து வலமாக வைப்பேன், முதலில் எடுத்தது இடது. எப்போதுமா. கதவுப் பக்கம் ஸ்டாண்ட் இருந்தால் வலமிருந்து இடம். அன்றைக்கு ஸ்டாண்ட் எந்தப் பக்கம் இருந்தது. மிளகாய் நெடி ஞாபகம் இருக்கிறது. அவள் புடவையில் பச்சைக் கரை ஞாபகம் இருக்கிறது. மகனின் செருப்பில் வார் அறுந்து பின் குத்தியிருந்தது ஞாபகம் இருக்கிறது. உரித்த அந்த ஒரு நொடி மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது ஸ்டிக்கர் உரிக்கிறேன், எந்த ஒன்று ஞாபகம் இருக்கிறது, இப்போது எழுந்து போன இசக்கிப்பாண்டியின் ஸ்டிக்கரை உரித்தது ஞாபகம் இருக்கிறதா. இல்லை. குழாயை எடுத்துப் பார்த்தேன், ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் சாய்வாக. ஆக இது எல்லாருக்கும் வருவது. இல்லை, இது அதுதான். இரண்டுக்கும் ஒரே முகம். சாதாரண மறதியும் அந்த மறதியும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன, பெயர் கேட்டால் சொல்வதில்லை. நான் தினமும் பல் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்: சமாதானபுரம், மார்க்கெட், முருகன்குறிச்சி, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், பாலம், ஜங்ஷன். அப்பா கண்டக்டராக இருந்த வழி. கடைசி இரண்டு வருஷம் அவருக்கு என் பெயர் தெரியாது, அம்மா யாரென்று தெரியாது, ஆனால் நிறுத்தம் ஒன்றுகூடத் தவறாது. பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கொடுப்பார். என்னிடம் வந்து, "எங்க சார் போகணும்" என்பார். "வீட்டுக்கு" என்பேன். ஒரு துண்டைக் கிழித்துத் தந்து, "சில்லறை இல்லைன்னா பரவால்ல, இறங்கும்போது குடுங்க" என்பார். அப்போது பரிசோதனை ஒன்றும் கிடையாது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றார்கள், கயிறு கட்டினார்கள், மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தார்கள். அவருக்கு அது ஆரம்பித்தபோது வயது ஐம்பத்துமூன்று. இரண்டு மாதத்துக்கு முன்பு வண்ணாரப்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் நான் நின்றேன். பத்து நொடி இருக்கும். கொக்கிரகுளத்துக்கு அடுத்தது பாலம் என்று தெரிந்தது, என் வீடு எங்கே என்று தெரியவில்லை.

இப்போது அவருக்கு இயல்பு என்று காகிதம் வந்திருக்கிறது. பேசாமல் இருந்தால் இயல்புதான். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். மணி பத்தரை. டாக்டர் பதினொன்றுக்கு வருவார். சகாயராணி ஆவுடையம்மாளின் தாளை உறையில் போட்டு மேலே கொண்டுபோவாள். டாக்டர் மீரான் நிதானமானவர், இந்த ஒரு தாளை வைத்து முடிவு சொல்லமாட்டேன், ஸ்கேன் இருக்கிறது, கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வார், ஆனால் அம்புக்குறியைப் பார்த்துவிட்டுச் சொல்வார். அம்புக்குறியைப் பார்த்தபிறகு கேட்கிற கேள்வி வேறு மாதிரிதான் இருக்கும். சரியாகவே இருக்கலாம். அவளுக்குத்தான் மறதி என்று கூட்டி வந்தார்கள், அவளுடையதுதான் அதிகமாக இருக்கும், அதுதானே நியாயம், எனக்கென்ன, ஒரு சிக்னல், ஒரு முறை கேஸை அணைக்காதது, ஒரு முறை மகளை என் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதெல்லாம் எல்லாருக்கும் வருவது. "ஒங்க அப்பா மாதிரியே முழிக்கீங்க" என்றாள் செண்பகம், சோற்றைப் போட்டுக்கொண்டே, கோபத்தில்கூட இல்லை. பெண்டாட்டி சொல்வதெல்லாம் பரிசோதனையா. நான் ஏன் அவளுக்கு நோய் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வாதாடுகிறேன்.

பத்தே முக்காலுக்கு நெடி முதலில் வந்தது, அப்புறம் அவள். அதே பச்சைக் கரை. பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். மகன் டோக்கன் வாங்கப் போனான். நான் வாசல் வரை போய்ப் பஞ்சு டப்பாவை எடுக்கிற மாதிரி நின்றேன். "தம்பி, தும்மலு நின்னுதா" என்றாள். "நின்னுது அக்கா." "அன்னிக்கு ஊசி குத்துனதே தெரியல, நல்ல கை" என்று என் கையைப் பார்த்தாள். மில் எப்படிப் போகிறது என்று கேட்டேன், எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஓடுது. இன்னிக்கு என்ன சொல்லுதாங்களோ, அதப் பொறுத்துதான். இவன் வாங்க ஆளு பாத்து வச்சிட்டான், மில்ல குடுத்துட்டு எங்கூடக் கோயம்புத்தூர் வந்துருங்கான். நாலாவது மாடி. நான் அங்க போயி எதை அரைக்க" என்றாள். மகன் திரும்பி வந்து, "ஓடுற பெல்ட்டுல கைய வைக்கப் போனாங்க சார், சுவிட்ச அணைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு. வேலைக்கு நின்ன பொம்பள புடிச்சு இழுத்திருக்கா. நான் என்ன செய்ய" என்றான். கெட்டவன் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இரவு பஸ்ஸில் வந்திருப்பான். "முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவ அணைக்க மறந்தா அது சீக்காடா" என்றாள். "ஒரு தடவையா" என்றான் அவன். அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். ஒரு தடவை இல்லை என்று அவளுக்கும் தெரியும். எனக்கும் ஒரு தடவை இல்லை. பதினொன்றானதும் உறையோடு சகாயராணி எழுந்தாள். மாடிப்படி பதினெட்டு. அவள் முழங்கால் வலிக்காரி, மெதுவாகத்தான் ஏறுவாள். முதல் படி. இரண்டாவது. ஒரு ஸ்டிக்கரா, இரண்டா. மூன்று. கிளவுஸ் மேஜையில் எப்படிக் கிடந்தது, மேல்புறம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா. கீழே என்றால் புரட்டியிருப்பேன். புரட்டினேனா. ஏழு. எட்டு. மனசில் நான் இனி எத்தனை தடவை புரட்டினாலும் அந்தக் கிளவுஸ் அதேபோல்தான் கிடக்கும். அதில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், எனக்குத் தெரியவில்லை. "சகாயம்" என்றேன். நின்றாள். "அதக் குடு. நான் கொண்டு போறேன்."

டாக்டர் மீரான் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு இந்தப் பரிசோதனைக்கு இரண்டு சாம்பிள் இருந்தது சார், ஆளுக்கு முன்னால் வைத்து ஸ்டிக்கர் ஒட்டினேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மாறியிருக்கலாம், என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மாறிச்சா, மாறலையா" என்றார். "ஞாபகம் இல்ல சார்." "ரெண்டுல ஒண்ணு அதிகம், ஒண்ணு நார்மல். அப்படித்தானே." "ஆமா சார்." "அப்போ ரெண்டு பேர்கிட்டயும் திரும்ப எடுக்கணும். அந்த இன்னொரு ஆளு எங்க இருக்காரு, வரச் சொல்ல முடியுமா" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்றது, கண்டக்டர் பலகையைத் தட்டினார், ஒரு தட்டு, நிற்க, இரண்டு தட்டு, போக. "வந்திருக்காரு சார்" என்றேன். அவர் கதவைப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், அவர் கை மேஜையில் பேனாவைத் தேடியது, அது சட்டைப் பையில் இருந்தது.

கீழே வந்து ஆவுடையம்மாளிடம் நானே சொன்னேன். மகன் எழுந்துவிட்டான். "என்ன சார் இது, மூணு வாரம் காத்திருந்து, லீவு போட்டு" என்று ஆரம்பித்தான், குரல் உயர்ந்தது, பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நீ மாத்துனியா தம்பி" என்றாள். "தெரியல அக்கா. அணைச்சேன்னுதான் நெனைக்கேன்" என்றேன். ஒட்டினேன் என்று சொல்ல வந்தவன் அணைத்தேன் என்று சொல்லிவிட்டேன், திருத்தவில்லை. அவள் பையை மகனிடம் கொடுத்தாள். "சரி, வா. ஆனா நீ எடுக்கண்டாம், அந்தப் பிள்ள எடுக்கட்டும்" என்று எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சகாயராணி எடுத்தாள். நான் தள்ளி, சுவரோடு நின்றேன். குழாயை ஆட்டி, மேஜைக்கு எட்டி, ஸ்டிக்கரை உரித்து, அந்த அம்மாள் கண் முன்னால் பிடித்துக் காட்டி, "இது ஒங்க பேருதானா, படிச்சுப் பாருங்க" என்று கேட்டு ஒட்டினாள். சகாயராணி அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவள் கிளவுஸின் மேல் ஒன்றும் இல்லை. ஆவுடையம்மாள் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தாள், நாற்காலி காலியானது, மிளகாய் நெடி மட்டும் அதில் இருந்தது.

உட்கார்ந்தேன். இந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. கைப்பிடி எதிர்பார்த்ததைவிட உயரம். சகாயராணி ரப்பர் பட்டையைக் கட்டினாள், இறுக்கமாக, நான் சொல்லிக்கொடுத்ததைவிட இறுக்கமாக. அவள் கையில் இருந்த படிவத்தில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "பேரு சொல்லுங்க" என்றாள். "ஒனக்குத் தெரியாதா" என்றேன். "தெரியும் அண்ணே. நீங்கதான் சொல்லணும்." ஒரு நொடி, இரண்டு நொடி, பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்தது, பெஞ்சில் ஆவுடையம்மாள் பஞ்சை அழுத்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குத்தாலிங்கம்" என்றேன். "வயசு?" "ஐம்பத்தொண்ணு." "அப்பா பேரு?" "ஆறுமுகநயினார்." பேனா நின்றது. காலையில் இரண்டு தாளையும் அச்செடுத்தவள் அவள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, எழுத்து எழுத்தாக அதை அப்பாவுக்குரிய கட்டத்தில் எழுதினாள். அதே பேனாவால் ஒரு ஸ்டிக்கரில் என் பெயரையும் எழுதினாள். ஊசி குத்தியது, வலித்தது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறியது, கறுப்பாக, அவசரமில்லாமல். ஆட்டினாள். உரித்தாள். என் கண் முன்னால் பிடித்தாள். "படிச்சுப் பாருங்க அண்ணே" என்றாள். படித்தேன். தலையாட்டினேன். ஒட்டிவிட்டு, வழக்கத்தில் இல்லாதபடி, குழாயை ஒரு நொடி என் கையிலேயே கொடுத்தாள். சூடாக இருந்தது.